யூரியா பூச்சியைக் கூப்பிடுமா? ராமநாதபுரம் கடலோர வயல்களை வைத்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். திருவாடானைப் பக்கம் கண்மாயை நம்பிய நெல்வயல், மேட்டில் கொஞ்சம் முண்டு மிளகாய், உச்சிப்புளியில் மனைவி வழியில் வந்த தென்னந்தோப்பு. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து நீங்களே விவசாயம் பார்க்கிறீர்கள். அப்பா, "யூரியாவைக் கொட்டிக் கொட்டியே பூச்சியைக் கூப்பிடுறே" என்கிறார். உரக்கடைக்காரர், "நோஞ்சான் பயிரைத்தான் பூச்சி பிடிக்கும், நல்லா ஊட்டம் குடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

அப்பா சொல்வது முக்கால்வாசி சரி. கடைக்காரர் பக்கமும் கால்வாசி உண்மை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் உரம் போடுவதே பூச்சிக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மழை பெய்த மறுநாள் பருவத்துக்கான யூரியா முழுவதையும் ஒரே வீச்சில் இறைப்பதும், பொட்டாஷை அடியோடு விட்டுவிடுவதும்தான் காரணம். இரண்டும் சேர்ந்தால் பயிர் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகுதான் ஆபத்து.

ஏன் என்பதைப் பூச்சியின் பக்கமிருந்து பாருங்கள். ஒரு பூச்சியைக் காயவைத்து எடை போட்டால் அதில் 7 முதல் 14 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கும். அது தின்கிற இலையின் காய்ந்த எடையில் 2, 3, மிஞ்சிப்போனால் 5 சதவீதம். அதாவது பூச்சிக்கு எப்போதும் தழைச்சத்துப் பஞ்சம். சாறு உறிஞ்சும் பூச்சிகளின் பாடு இன்னும் மோசம். சாற்றில் சர்க்கரை ஏராளம், தழைச்சத்து சொற்பம். அசுவினியும் வெள்ளை ஈயும், நெல்லின் தூரடியில் உட்கார்ந்து உறிஞ்சும் புகையானும் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பது அதனால்தான். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பாக வெளியே தள்ளுகின்றன, அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்கிறது. தென்னையோலை கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே கதைதான்.

இந்தப் பஞ்சத்தை யூரியா தீர்த்துவைக்கிறது. வேர் எடுத்த தழைச்சத்தைப் பயிர் முதலில் அமினோ அமிலமாக்கும், பிறகு அதைக் கோத்துப் புரதமாக்கும். நிதானமாகக் கிடைத்தால் இரண்டு வேலையும் சமமாக ஓடும். ஒரே நாளில் கொட்டினால் அமினோ அமிலம் குவிந்து சாற்றில் மிதக்கும். புரதமாக இருந்தால் பூச்சி அதைச் செரித்துப் பிரிக்க வேண்டும், அமினோ அமிலமாக இருந்தால் அப்படியே உடம்பில் சேரும். நெல்லாகக் கொடுப்பதற்கும் வடித்த சோறாகக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இந்தச் சோறு கிடைத்த புகையான் அதிக முட்டை இடும், அதில் அதிகம் பொரியும், குஞ்சு சீக்கிரம் வளரும், சாகாமல் தப்புவதும் அதிகம். நெல் ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியான விஷயம் இது.

சாப்பாடு மட்டுமல்ல, வீடும் வசதியாகிவிடுகிறது. தழைச்சத்து மிஞ்சினால் செல்சுவர் மெலியும், இலை மென்மையாகும். தண்டில் படிய வேண்டிய மணற்சத்து, அதாவது சிலிக்கா, இலைப்பரப்பு பெருகப் பெருக நீர்த்துப்போகும். கசப்பும் துவர்ப்பும் தருகிற தற்காப்புப் பொருட்கள் குறையும். பயிர் அடர்ந்து தூருக்குள் வெயில் இறங்காது, காற்று நுழையாது, ஈரம் தங்கும். புகையானுக்கு இதைவிட என்ன வேண்டும்? மேலே மருந்து அடித்தாலும் அது உட்கார்ந்திருக்கும் தூரடிக்கு மருந்து போய்ச் சேராது.

இதை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. யூரியா மூட்டையைப் பிரித்து வைத்த வரப்போரத்தைப் போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் சிந்தியிருக்கும். பதினைந்து நாளில் அங்கே மட்டும் ஒரு திட்டு கரும்பச்சையாக, பக்கத்துப் பயிரைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும். புகையான் வருகிற வருஷமானால் முதலில் கருகுவது பெரும்பாலும் அந்தத் திட்டுதான். தூரைப் பிடித்து லேசாகச் சாய்த்துத் தட்டுங்கள். தவிட்டு நிறப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து பக்கவாட்டில் நழுவி ஓடும். பத்தடி தள்ளி வெளிர்பச்சையாக நிற்கும் தூரிலும் தட்டிப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே வயல், ஒரே ரகம், ஒரே தண்ணீர். வித்தியாசம் சிந்திய யூரியா மட்டும்.

இனி பொட்டாஷ். அமினோ அமிலத்தைப் புரதமாகக் கோக்கிற வேலைக்குச் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் உரம் தருகிற பொட்டாசியம், வேண்டும். அது குறைந்தால் கோர்ப்பு வேலை பாதியில் நிற்கும், அமினோ அமிலமும் சர்க்கரையும் சாற்றில் தேங்கும். சாம்பல் சத்துப் பற்றாத செடியில் அசுவினி பெருகுவது பல பயிர்களில் தெரிந்த சங்கதி. ஆக யூரியாவைக் கூட்டிப் பொட்டாஷை விட்டால், தேங்குவதற்கு வேண்டியதையும் கொட்டி, தேக்கத்தை நீக்குகிற ஆளையும் துரத்திவிட்டதாக ஆகிறது. விவசாயியை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. ஒரு மூட்டை பொட்டாஷ் விலைக்கு ஐந்தாறு மூட்டை யூரியா கிடைக்கிறது. மானியம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கையும் போகும்.

கடலோரத்தில் இந்தச் சிக்கல் இன்னொரு மடங்கு. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் சாம்பல் சத்து பொதுவாகத் தாராளம். தேவிபட்டினம், உச்சிப்புளி, பெரியபட்டினம் வழியாகக் கடலை ஒட்டிய மணலில் அப்படியில்லை. மணலில் எதுவும் தங்காது, மழையோடு கீழே இறங்கிவிடும். இருக்கிற கொஞ்சத்தையும் வேர் எடுக்கவிடாமல் உப்பிலுள்ள சோடியம் போட்டி போடும். உப்புத்தண்ணீர் பாய்கிற பயிர் மண்ணில் சாம்பல் சத்து இருந்தாலும் பற்றாக்குறையில் நிற்பது இதனால்தான். போதாததற்கு, உவரிலும் வறட்சியிலும் வாடுகிற செடி தன்னைக் காத்துக்கொள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தைத் தானே சேர்த்து வைக்கும். அதனால் உவர் நிலத்துப் பயிரின் சாறு, யூரியா போடுவதற்கு முன்பே பூச்சிக்குக் கொஞ்சம் ருசியாகத்தான் இருக்கிறது. அதன்மேல் யூரியாவையும் கொட்டுகிறோம்.

இப்போது உங்கள் நெல்லுக்கு வருகிறேன். நம் மாவட்டத்துச் சராசரி மழை வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிற வடகிழக்குப் பருவமழை. ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு, மழைக்குக் காத்திருப்பு. முதல் நல்ல மழை விழுந்ததும் ஊரே உரக்கடைக்கு ஓடும். அடுத்த மழை எப்போதோ, ஈரம் இருக்கும்போதே போட்டுவிடுவோம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இறைப்பார்கள். அவர்கள் கணக்கு தப்பில்லை, ஈரமில்லாத மண்ணில் யூரியா போட்டு என்ன பயன்? தப்பு அளவில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மானாவாரிப் புழுதி விதைப்பு நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற பொது அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 50, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 25, சாம்பல் சத்து 25 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 20 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, இப்போதைய மூட்டை 45 கிலோ. ஆக ஒரு மூட்டையில் கிட்டத்தட்ட 20.7 கிலோ. பருவம் முழுவதற்கும் ஏக்கருக்கு ஒரே மூட்டை! அதையும் முளைத்த 20, 25 நாளில் பாதி, 40, 45 நாளில் ஈரம் இருந்தால் மீதி என்று பிரிக்கச் சொல்கிறார்கள். அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து போய்விட்டது, அதையும் கழிக்க வேண்டும். நம்மூரில் ஏக்கருக்கு இரண்டு, மூன்று மூட்டை சர்வசாதாரணமாகப் போகிறது. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? பாசன நெல்லில் மத்திய கால, நீண்ட கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. தஞ்சாவூர்ச் சொந்தக்காரர் சொன்ன அளவை நாம் மானாவாரியில் போடுகிறோம். சரியாக மூன்று மடங்கு.

மானாவாரி மேட்டு நிலத்தில் இவ்வளவு போட்டால் முதலில் வருவது இலைச்சுருட்டுப்புழு. அந்துப்பூச்சி முட்டையிடக் கரும்பச்சை இலையைத்தான் தேடும். புகையான் அதற்கு அடுத்தது, கண்மாய்த் தண்ணீர் நின்று பயிர் அடர்ந்த தாழ்ந்த வயல்களில் பார்க்க வேண்டியது. நடவு வயலில் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டுக் காற்றோட்டம் கொடுக்கலாம். வீசி விதைத்த வயலில் அந்த வசதியும் இல்லை. அதனால் நமக்கு யூரியாக் கட்டுப்பாடு நடவு வயல்காரரைவிட அதிகம் தேவை.

ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பாதியை மட்டும் சொல்கிறார்கள். 1973, 74இல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் வயல் வயலாகக் கருக்கியது. அதே பத்தாண்டில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஆசியா முழுக்க அதே அடி. அதற்குமுன் புகையான் பெரிய பூச்சியே இல்லை. குட்டை ரகம், தழைச்சத்து, அடுத்தடுத்த போகம் எல்லாம் காரணம்தான், ஆனால் தீயை மூட்டியது கண்டபடி அடித்த பூச்சிமருந்து. அது சிலந்தியையும் மற்ற இரைவிழுங்கிகளையும் முதலில் கொன்றது. 1986இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லில் அடிக்கத் தடை போட்டது, அதற்குப் பிறகுதான் நிலைமை தணிந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யூரியா பூச்சியின் இனப்பெருக்கத்தைக் கூட்டுகிறது, சிலந்தி அதை ஓரளவு தின்று சமாளிக்கிறது. யூரியாவையும் கூட்டிச் சிலந்தியையும் கொன்றால்தான் வயல் கருகும். உங்கள் வயலில் ஒரு தூருக்குச் சிலந்தி ஒன்று இருந்தால் சிம்புக்கு, அதாவது தூரிலிருந்து வெடிக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், இரண்டு புகையான் வரை பொறுக்கலாம், சிலந்தியே இல்லையென்றால் சிம்புக்கு ஒன்று என்றாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. சிலந்தியின் மதிப்பை இதைவிட எப்படிச் சொல்வது? கடையில் முதலில் எடுத்து நீட்டுகிற பைரித்ராய்டு வகை மருந்தைப் புகையானுக்கு அடிக்காதீர்கள், அடித்தபின் அது இன்னும் பெருகும்.

சிலந்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் குப்பையில் இருக்கிறது. ஜாவாவின் நெல்வயல்களில் நடந்து 1990களில் வெளிவந்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வயலில் மட்கும் பொருள் அதிகமிருந்தால் பருவத் தொடக்கத்திலேயே அதைத் தின்று வாழும் சின்னஞ்சிறு ஈக்களும் தத்திக் குதிக்கும் நுண்ணிய பூச்சிகளும் பெருகின. பயிரை அவை தொடுவதில்லை. ஆனால் சிலந்திகளுக்கு அவைதான் முதல் இரை. பயிர்ப்பூச்சி வந்து இறங்குவதற்கு முன்பே வயலில் ஒரு சிலந்திப் பட்டாளம் கொழுத்துத் தயாராக நிற்கிறது. தொழுஉரம் போட்ட வயலில் பூச்சி குறைவு என்று பெரியவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் மண்ணே தருவது. அமெரிக்காவின் ஓஹியோவில் 1995இல் வெளிவந்த ஆய்வில், இயற்கை முறைப் பண்ணை மண்ணையும் ரசாயன முறைப் பண்ணை மண்ணையும் தொட்டிகளில் நிரப்பி மக்காச்சோளம் வளர்த்துத் தண்டுத் துளைப்பானை விட்டார்கள். இரண்டு மண்ணுக்கும் பலவித உரமும் கொடுத்தார்கள். ரசாயன முறை மண்ணின் செடிகளில் முட்டை அதிகம் விழுந்தது. மட்கு நிறைந்த மண் தழைச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, குவியவிடுவதில்லை.

அதற்காக இயற்கை உரம் என்றாலே பூச்சி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊரில் ஆடு மேய்க்கிற கீதாரிகள் கோடையில் மந்தையை ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போடுவது எவ்வளவு நல்ல பழக்கம் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குள் போகும், கூலியும் கம்மி. ஆனால் ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான். கிடை அமர்ந்த வயலுக்கு வழக்கமான யூரியாவையும் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு தழைச்சத்து. கிடை நகராமல் ஒரே இடத்தில் இரண்டு, மூன்று ராத்திரி இருந்த திட்டில் பயிர் மதமதவென்று வளர்ந்து சாய்வதை அப்பாவே பார்த்திருப்பார். கிடை போட்ட வருஷம் முதல் மேலுரம் வேண்டுமா என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மட்காத சாணத்தை அப்படியே மிளகாய்க்கோ கடலைக்கோ கொண்டுபோய்க் கொட்டினால் வேர்ப்புழுவும் கரையானும் கூடவே வரும். கண்மாய் வண்டல், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு மூன்றிலும் இந்தத் தொல்லை குறைவு. தக்கைப்பூண்டு உவரையும் தாங்கும்.

சரி, கடைக்காரரின் கால்வாசி உண்மை. ஒரே எண்ணிக்கைப் பூச்சி கடித்தாலும் ஊட்டமுள்ள பயிர் எழுந்து நிற்கும், பட்டினிப் பயிர் படுத்துவிடும். குருத்துப்பூச்சி இளம்பயிரில் ஒரு குருத்தைக் காயவைத்தால், சத்துள்ள பயிர் பக்கச் சிம்பு வெடித்து ஈடுகட்டும். புழுதி விதைப்பில் இன்னும் நல்ல உதாரணம் இலைப்பேன். மழை தள்ளிப்போனால் இளம்பயிரின் இலைநுனி ஊசியாகச் சுருண்டு மஞ்சளாகும். உள்ளங்கையை நனைத்துப் பயிர்மேல் தடவினால் கருப்புத் துகள்களாக ஒட்டி நெளியும். பன்னிரண்டு இடத்தில் தடவி 60 பூச்சிக்கு மேல் வந்தால் மருந்து பற்றி யோசிக்கலாம். மழை வந்துவிட்டால் பெரும்பாலும் யோசிக்கவே வேண்டாம், இலைப்பேன் கழுவிப்போகும், ஈரத்தோடு கையளவு யூரியா பயிரைத் தூக்கிவிடும். இங்கே யூரியா மருந்து மாதிரி வேலை செய்கிறது. காய்ந்து கிடக்கும்போது போட்டால் இந்தப் பலன் இல்லை. நோஞ்சான் பயிரைப் பூச்சி தேடி வருகிறது என்பது வறட்சியில் வாடிய செடிக்கும் சில துளைப்பான்களுக்கும் பொருந்தும், கொழுந்தும் சாறும் தின்கிற கூட்டத்துக்குப் பொருந்தாது. நம் மாவட்டத்தில் பணத்தைத் தின்கிற பூச்சிகளில் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான்.

மிளகாய்க்கு இதைவிடக் கவனம் தேவை. ராமநாதபுரம் முண்டு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, விலையும் பெயரும் வற்றலின் நிறத்திலும் தோல் திடத்திலும் இருக்கிறது. யூரியா அதிகமான செடி இலையாகவே போடும், பூ தள்ளிப்போகும், இலைப்பேனும் மஞ்சள் சிலந்தியும் (நெல்வயலில் பூச்சியைத் தின்கிற சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சும் நுண்ணிய உயிர்) கொழுந்தில் குடியேறும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்தி. இந்த வேறுபாட்டைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு அடிக்கிற மருந்து மற்றதைக் கொல்லாது, சில நேரம் கூட்டியும் விடும். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேயே உட்கார்ந்து தின்றது. அப்போது விவசாயிகளுக்குச் சொன்ன அறிவுரைகளில் தழைச்சத்தைக் குறைக்கச் சொன்னதும் ஒன்று. மிளகாய்க்குத் தழைச்சத்தை அடியுரமாகக் கொஞ்சம், பிறகு 30, 60, 90 நாட்களில் என்று பிரித்துக் கொடுப்பதுதான் முறை. மானாவாரியில் மழை வாய்ப்பதைப் பொறுத்து ஒரு தவணையை விட்டுவிட நேரலாம், விடுங்கள். விட்டதைச் சேர்த்து அடுத்த மழைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள். சாம்பல் சத்தை மிளகாய்க்குச் சாதாரணப் பொட்டாஷாகக் கொடுப்பதைவிடப் பொட்டாசியம் சல்பேட்டாகக் கொடுப்பது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் உவர் மண்ணில் மேலும் குளோரைடு சேராது, வற்றலின் தரமும் கூடும்.

தென்னைக்கு நேர்மாறு. குளோரின் தென்னைக்குத் தேவையான சத்து, அதனால் சாதாரணப் பொட்டாஷே போதும், கடற்கரையில் அது செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. காய்த்தோலைச் சொரசொரப்பாக்கி வெடிக்கவைக்கும் ஈரியோபைட் சிலந்தி வந்த தோப்புக்குப் பல்கலைக்கழகம் பொட்டாஷை மட்டும் 3.5 கிலோவாக உயர்த்தச் சொன்னது, கூடவே வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ. யூரியாவைக் கூட்டவே இல்லை, கவனியுங்கள். ஒரு பூச்சிக்கு உரத்தையே மருந்தாக எழுதிக்கொடுத்த நல்ல உதாரணம் இது. உச்சிப்புளி மணலில் இதை இரண்டு தவணைக்கும் மேல் பிரித்துப் போட்டாலும் நஷ்டமில்லை.

தோப்பில் இன்னொன்று. குருத்தோலை விரியும்போது கத்தரியால் வெட்டியது மாதிரி முக்கோணமாக விழுந்திருந்தால் காண்டாமிருக வண்டு. அது வளர்கிற இடம் மரமில்லை, உங்கள் எருக்குழி. மண்வெட்டியால் ஒரு முழம் கிளறுங்கள். கட்டைவிரல் தடிப்பில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக, வளைந்து சுருண்ட புழுக்கள் புரளும். புழுப்பருவம் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். அதனால் குழியை அந்த இடைவெளிக்குள் ஒருமுறை கிளறிக் கோழியை விட்டாலே பாதி வேலை முடிந்தது. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். எரு மரத்துக்கு நல்லது, மட்காமல் தோப்புக்குள்ளேயே மாதக்கணக்கில் குவிந்து கிடப்பதுதான் கெடுதல். விழுந்த மரக்கட்டைகளையும் அங்கேயே விட்டுவைக்காதீர்கள், வண்டு அதிலும் முட்டையிடும்.

இந்தப் பருவத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். விதைப்பதற்கு முன் நெல்லை ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசலில், அதாவது லிட்டருக்குப் பத்து கிராம், விதையும் தண்ணீரும் சம எடையாக எடுத்து, 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதையுங்கள். வறட்சியைத் தாங்குவதற்காகச் சொல்லப்பட்ட முறை இது. சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுஉரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடி வைத்து அடியுரமாகப் போடலாம், ஏக்கருக்கு 300 கிலோ தொழுஉரம் போதும், வண்டி வண்டியாகத் தேட வேண்டாம். யூரியாவை இறைக்கிற முந்தின நாள் ஐந்து பங்குக்கு ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து இரவு முழுக்க வைத்து மறுநாள் போடுங்கள். இப்போது வருகிற யூரியாவே வேம்பு பூசியதுதான், இருந்தாலும் மணல் கலந்த மண்ணில் இந்தக் கலவை இன்னும் நிதானமாகக் கரையும், ஜிப்சம் களருக்கும் நல்லது. கைக்கு ஓர் இலை வண்ண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். முளைத்த மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, காலையில், உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று, விரிந்து முடிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள். நேரடி விதைப்புக்கு மூன்றாம் நிறத்தைவிட வெளிறினால் மட்டும் யூரியா. பக்கத்து வயல் கருகருவென்று இருப்பதைப் பார்த்து மனசு கேட்காது. அந்த வயலுக்குள் இறங்கி நாலு தூரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தால் கேட்கும்.

அரிசி ஆலையில் சும்மா கொட்டிக் கிடக்கும் உமிச்சாம்பலையும் வாங்கிப் போடுங்கள். அதில் சிலிக்கா அதிகம். சிலிக்கா ஏறிய தண்டைக் கடிக்கிற துளைப்பான் புழுவின் தாடை தேய்ந்துபோகிறது, உப்பு நிலத்தில் சோடியம் ஏறுவதையும் அது கொஞ்சம் தடுக்கிறது.

கடைசியாக மீன் அமிலம், முழுப்பெயர் மீன் அமினோ அமிலம். தொண்டியில் மீன்கழிவு மலிவாகக் கிடைக்கிறது, வெல்லத்தோடு ஊறவைத்துத் தெளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தெளிக்கலாம், ஆனால் அதன் பெயரிலேயே இருக்கிறது, அதுவும் தழைச்சத்துதான். யூரியாவும் போட்டு, வாரா வாரம் மீன் அமிலமும் அடித்தால் இலைப்பேனுக்கு இரண்டு பக்கமும் விருந்து. வெளிறிய பயிருக்கு ஒன்றிரண்டு முறை தெளியுங்கள். பூவெடுத்த மிளகாய்க்கு அதை நிறுத்திவிட்டு, மண்டபம் பக்கம் கடலில் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியிலிருந்து பிழிகிற சாற்றைத் தெளித்துப் பாருங்கள், அதில் சாம்பல் சத்து அதிகம். முதலில் நாலு பாத்தியில் மட்டும் அடித்து, அடிக்காத பாத்தியோடு ஒப்பிட்டுவிட்டு மற்றதைத் தீர்மானியுங்கள். எந்தப் பாத்தியில் எப்போது அடித்தீர்கள் என்று குச்சி நட்டு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மாசியில் காய் பறிக்கும்போது எதுவும் நினைவிருக்காது.